பேரம் படியாத ஏஜென்ட்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

தானாகப் பேரம் பேசும் கணினி நிரல்களுக்கான, அதாவது ஏஜென்ட்டுகளுக்கான, ஏ.என்.ஏ.சி. போட்டி 2010-இல் தொடங்கியது. முதல் போட்டி டொராண்டோவில், ஆமாஸ் என்ற ஏஜென்ட் ஆராய்ச்சி மாநாட்டோடு சேர்ந்து நடந்தது. மதுரையைச் சுற்றியுள்ள இன்ஜினியரிங் கல்லூரிகளிலிருந்து இதில் இறங்கிப் பார்க்கும் மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் லேப்டாப்புகளில் அதே பத்துக் கோளாறுகள்தான் மாறி மாறி வருகின்றன. வருபவர் பெரும்பாலும், "அண்ணே, ஸ்ட்ராட்டஜியே மாத்தணும், டீப் லேர்னிங் போடலாமா?" என்றுதான் ஆரம்பிப்பார். திறந்து பார்த்தால் கோளாறு ஒரே ஒரு வரியில் உட்கார்ந்திருக்கும். அதனால் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு பிடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்து எழுதியிருக்கிறேன்.

இதில் சொல்வது அந்தப் போட்டியில் நெக்மாஸ் என்ற பைத்தான் நூலகத்தில் ஓடும் ஏ.என்.எல். (பொதுவான பேரம்), எஸ்.சி.எம்.எல். (சப்ளை செயின் பேரம்) லீக்குகளை மனதில் வைத்து. ஜாவாவில் ஓடும் பழைய ஜீனியஸ் தளத்திலும் நோய்கள் கிட்டத்தட்ட இவைதான்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு சின்னக் களம் தயார் செய்துகொள்ளுங்கள். நான் வைத்திருப்பது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். ஒரு பக்கம் பூக்கட்டும் கடைக்காரர், மறுபக்கம் கமிஷன் கடைக்காரர். பேசவேண்டியவை மூன்று: மல்லிகை கிலோ என்ன விலை, எத்தனை கிலோ, எத்தனை மணிக்குச் சரக்கு கைக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்புகள் என்றால் மொத்தம் 125 சாத்தியங்கள். அத்தனையையும் அச்செடுத்துக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். போட்டியில் வரும் பெரிய களத்தை வைத்துக்கொண்டு கோளாறு தேடினால் விடிந்துவிடும்.

அப்புறம் அந்தக் களத்தில் ஒரே ஒரு பேரத்தை ஓட்டி, சுற்றுக்குச் சுற்று நாம் கேட்டது என்ன, எதிராளி கேட்டது என்ன, இரண்டுக்கும் நம் கணக்கில் யுடிலிட்டி (ஒரு ஆஃபர் நமக்கு எவ்வளவு நல்லது என்று 0 முதல் 1 வரை போடும் எண்) எவ்வளவு, கெடுவில் எவ்வளவு கரைந்தது என்று ஒரு கோப்பில் எழுதவையுங்கள். இந்தப் பட்டியல் இல்லாமல் கீழே உள்ள எதையும் சோதிக்க முடியாது.

அறிகுறி: ரன் கொடுத்ததும் லேப்டாப் விசிறி கத்துகிறது, முடிவு மட்டும் வரவில்லை

விண்டோஸ்தானே? டூர்னமென்ட்டை ஓட்டும் வரிகள் கோப்பில் வெறுமனே கிடக்கின்றனவா, "இந்தக் கோப்பை நேரடியாக ஓட்டினால் மட்டும்" என்ற மெயின் நிபந்தனைக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறுமனே கிடந்தால், விண்டோஸ் தொடங்கும் ஒவ்வொரு புதிய பிராசஸும் அதே கோப்பை முதலிலிருந்து படித்து, தானும் ஒரு டூர்னமென்ட்டைத் தொடங்கப் பார்க்கும். சில சமயம் எர்ரர் வரும், சில சமயம் விசிறிச் சத்தம் மட்டும்தான். லினக்ஸ் வைத்திருக்கும் நண்பனிடம் அதே கோப்பு ஒழுங்காக ஓடிவிடுவதுண்டு என்பதால் பழி லேப்டாப் மேல் விழுகிறது.

நிபந்தனை இருந்தும் நின்றுபோனால், பல பிராசஸ்களில் ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் அமைப்புக்கு மாற்றுங்கள். மறைந்திருந்த எர்ரர் அப்போது திரைக்கு வரும். அது பெரும்பாலும் நூலகப் பதிப்புச் சண்டையாக இருக்கும். போட்டிக்கென்று தனியாக ஒரு வர்ச்சுவல் சூழல் அமைத்து, போட்டி விதிகளில் சொன்ன பைத்தான் பதிப்பையே போடுங்கள். கல்லூரி லேப் கணினியில் இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லையென்றால் லேப் பொறுப்பாளரிடம் கேட்பதுதான் வழி. குறுக்கு வழி தேடி ஒரு மாலைப்பொழுதை விடாதீர்கள்.

அறிகுறி: முதல் சுற்றிலேயே எர்ரர், ஆனால் எப்போதும் இல்லை

சில பேரங்களில் நாம் முதலில் பேசுவோம், சிலவற்றில் எதிராளி முதலில் பேசுவார். நாம் முதலில் பேசும்போது எதிராளியின் ஆஃபர் என்ற இடம் காலியாக இருக்கும். காலியானதைப் பிரித்து "விலை என்ன?" என்று கேட்டால் பைத்தான் கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? காலியா என்று ஒரு வரி சோதனை போட்டால் முடிந்தது. இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

அறிகுறி: முதல் பேரம் பிரமாதம், இரண்டாவதிலிருந்து கோணல்

எதிராளி கேட்டவற்றைச் சேர்த்துவைக்கும் பட்டியலை எங்கே உருவாக்கியிருக்கிறீர்கள்? கிளாஸின் தலைப்பிலேயே எழுதியிருந்தால் அந்த ஒரே பட்டியலை எல்லாப் பேரங்களும் பங்கு போட்டுக்கொள்ளும். நேற்று ஒரு கறார் ஆசாமியிடம் பேசிய நினைவோடு இன்று ஒரு தாராள மனசுக்காரரிடம் பேசும். பேரம் தொடங்கும் இடத்தில், ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குங்கள். சோதிப்பது சுலபம்: ஒரே எதிராளியோடு ஒரே களத்தில் அடுத்தடுத்து இரண்டு பேரம் ஓட்டி, தொடக்கத்தில் பட்டியலின் நீளத்தை அச்சிடுங்கள். பூஜ்யம் வராவிட்டால் திருடன் அகப்பட்டான்.

அறிகுறி: பேரம் படிவதே இல்லை

அதிகம் பேர் கொண்டுவருவது இதுதான். கிளை பிரித்துப் பார்க்க வேண்டும்.

*விட்டுக்கொடுக்கும் எதிராளியிடமும் படியவில்லை என்றால்*

நெக்மாஸோடு வரும் கான்சீடர் ஏஜென்ட்டை எதிரே நிறுத்துங்கள். சீக்கிரமே இறங்கி வரும் ஆள் அது. அதனிடமும் படியவில்லையென்றால் ஸ்ட்ராட்டஜியில் தேட வேண்டாம், ஒப்புக்கொள்ளும் வரியைப் பாருங்கள். எதிராளியின் ஆஃபருக்கு யுடிலிட்டி கணக்கிடும்போது தவறுதலாக நம்முடைய ஆஃபரையே கொடுத்திருக்கலாம். அல்லது "கெடு 0.99 தாண்டினால் ஒப்புக்கொள்", அதாவது 99 சதவீத நேரம் போன பிறகு ஒப்புக்கொள், என்று எழுதியிருக்கலாம். இந்த இரண்டாவது ரொம்பப் பிரபலம். ஆராய்ச்சிக் கட்டுரையில் 0.99 இருந்தது, அப்படியே எடுத்துப் போட்டாயிற்று. ஜீனியஸில் ஒரு பேரத்துக்கு மூன்று நிமிடம், அதற்குள் ஆயிரக்கணக்கான ஆஃபர்கள் பறக்கும், 0.99-க்கு அப்புறமும் பேச நேரம் இருக்கும். சுற்று எண்ணிக்கையில் ஓடும் பேரத்தில் மொத்தமே 20 சுற்று என்றால் ஒரு சுற்று கெடுவில் 5 சதவீதத்தைத் தின்றுவிடும். அந்த 0.99 வரி ஒரு தடவைகூட உண்மையாகாமலே பேரம் முடிந்துபோகும். நிலையான எண்ணை எடுத்துவிட்டு, "இன்னும் எத்தனை சுற்று மிச்சம்" என்று கணக்கிட்டு எழுதுங்கள்.

*கறார் எதிராளியிடம் மட்டும் படியவில்லை என்றால்*

பட்டியலின் கடைசிப் பத்து வரிகளைப் படியுங்கள். நாம் இறங்கிய மிகக் குறைந்த இடம், நம் ரிசர்வ் மதிப்புக்கு (பேரம் படியாவிட்டால் நமக்கு மிஞ்சும் யுடிலிட்டி, இதற்குக் கீழே போனால் கட்டுப்படியாகாது) எவ்வளவு மேலே இருக்கிறது? வெகு மேலே நிற்கிறதென்றால் கடைசிச் சுற்றில் கொஞ்சம் கூடுதலாக இறங்க விடுங்கள். கட்டுப்படியாகும் எல்லை வரை வந்துவிட்டோம், எதிராளியும் தன் எல்லையில் நிற்கிறார், நடுவே இடைவெளி இருக்கிறது என்றால் அங்கே கோளாறே இல்லை. இருவருக்கும் கட்டுப்படியாகும் ஒப்பந்தம் சில களங்களில் இருக்கவே இருக்காது. அப்படிப்பட்ட களத்தில் படியாமல் எழுந்து வந்ததுதான் சரியான ஆட்டம். நம் களத்தின் 125 சாத்தியங்களையும் இரு பக்கக் கணக்கிலும் ஓட்டி, இருவரின் ரிசர்வையும் தாண்டியது ஒன்றாவது இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனையும் பார்த்தும் புரியவில்லையென்றால் ஒரு பேரத்தின் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு பைத்தானில் கை தேர்ந்த ஒருவரிடம் போங்கள். மொத்த புராஜெக்டையும் தூக்கிக்கொண்டு போனால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அறிகுறி: எல்லாமே படிகிறது, மதிப்பெண் பாதாளத்தில்

முதலில் ரிசர்வ். மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று அந்த ஆண்டு விதியைப் படியுங்கள். 2024 ஏ.என்.எல்.-இல் ஒப்பந்தத்தின் யுடிலிட்டியிலிருந்து நம் ரிசர்வைக் கழித்ததுதான் மதிப்பெண். ரிசர்வ் 0.8, ஒப்பந்தம் 0.75 என்றால் பார்க்க நல்ல டீல் மாதிரி இருக்கும், கணக்கில் நஷ்டம். கட்டுப்படியாகாத எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது, நாமாகக் கேட்கவும் கூடாது. இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒப்புக்கொள்ளும் இடத்தில் காவல் போட்டுவிட்டு, ஆஃபர் கொடுக்கும் இடத்தைத் திறந்து விட்டுவிடுகிறார்கள். எதிராளி "சரி" என்று சொன்னால் அடிமாட்டு விலைக்குப் போக வேண்டியதுதான்.

அடுத்து, இறங்கும் வேகம். நேரம் போகப் போக எப்படி இறங்குவது என்பதை ஒரு அடுக்கு எண் தீர்மானிக்கிறது: கெடுவில் கழிந்த பங்கை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் வருவதுதான் அதுவரை இறங்கிய பங்கு. கடைசிவரை பிடித்துவைத்துத் திடீரென்று இறங்குவதற்கு பூல்வேர் என்று பெயர். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் துணைத் தலைவராக இருந்த லெமுவல் பூல்வேர், தொழிற்சங்கத்திடம் ஒரே விலையைச் சொல்லி அதிலேயே நின்றவர். அவர் பெயர்தான் இது. சிக்கல் என்னவென்றால் இந்த அடுக்கு எண்ணைக் கட்டுரைகளும் நூலகங்களும் தலைகீழாக எழுதுவதுண்டு. ஒரு இடத்தில் எண் அப்படியே அடுக்காக வரும், இன்னொரு இடத்தில் ஒன்றை அதால் வகுத்துத்தான் அடுக்கு. ஒன்றுக்குக் கீழே வைத்தால் பூல்வேர் என்று கட்டுரையில் படித்துவிட்டு நூலகத்தில் போட்டால், கெடுவில் பாதி போவதற்குள் கஜானா காலி.

கணக்கு இதோ. அடுக்கு 4 என்றால் பாதி நேரத்தில் இறங்கியிருப்பது மொத்த இறக்கத்தில் 6.25 சதவீதம். அடுக்கு 0.25 என்றால் அதே பாதி நேரத்தில் 84 சதவீதம் இறங்கியிருக்கும். உங்கள் பட்டியலில் பாதி நேரத்து வரியை எடுத்து எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். எண்ணைத் திருப்பிப் போடுவதோடு பலருடைய பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

இரண்டும் சரியென்றால் ஒப்புக்கொள்ளும் விதி. "எதிராளி இப்போது தருவது, நாம் அடுத்து கேட்கப்போவதைவிட நமக்கு நல்லது என்றால் வாங்கிக்கொள்" என்ற எளிய விதியைப் போட்டு மதிப்பெண் ஏறுகிறதா என்று பாருங்கள். பெரிதாகப் புதிய விதி எழுதியவர்கள் பலர் இதையே முந்த முடியாமல் திரும்பி வந்திருக்கிறார்கள்.

அறிகுறி: படிகிறது, கட்டுப்படியும் ஆகிறது, ஆனால் இருவருக்குமே குறைச்சல்

பூ மார்க்கெட் களத்தில் இது தெளிவாகத் தெரியும். முகூர்த்த நாளில் கடைக்காரருக்குப் பூ விடியற்காலையில் கையில் இருக்க வேண்டும், விலை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. கமிஷன் கடைக்காரருக்கு நேரம் பெரிய விஷயமில்லை, விலைதான் முக்கியம். கடைக்காரரின் ஏஜென்ட்டுக்கு "கிலோ 600, காலை 7 மணி" என்பதும் "கிலோ 800, காலை 4 மணி" என்பதும் ஒரே 0.7 என்று வைத்துக்கொள்வோம். எதிராளிக்கு இரண்டாவது எவ்வளவோ மேல். நம் ஏஜென்ட் இரண்டில் ஏதோ ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துக் கேட்கிறது. நமக்கு ஒரு பைசா செலவில்லாமல் எதிராளியைச் சிரிக்கவைத்திருக்கலாம், விட்டுவிட்டது.

செலவில்லாத மருந்து: ஒரே யுடிலிட்டி தரும் ஆஃபர்களில் எதிராளி கடைசியாகக் கேட்டதற்கு மிக நெருக்கமானதைத் தேர்ந்தெடுங்கள். இதற்கு எதிராளியின் விருப்பத்தை ஊகிக்கும் மாடல் எதுவும் வேண்டாம்.

அடுத்த படி, எண்ணிக்கை மாடல். எதிராளி எந்த விஷயத்தை மாற்றாமல் பிடித்துவைத்திருக்கிறாரோ அது அவருக்கு முக்கியம், எந்த மதிப்பை அடிக்கடி கேட்கிறாரோ அது அவருக்குப் பிடித்தது என்ற ஊகம். 2011-இல் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து வென்ற ஹார்ட்ஹெடட் ஏஜென்ட்டில் இந்த வகைதான் இருந்தது. இதில் வரும் கோளாறு: எதிராளி ஒரே ஆஃபரையே நூறு தடவை சொன்னால் நூறையும் எண்ணி, அவர் பிறகு கேட்டதெல்லாம் காதில் விழாமல் போவது. புதிய ஆஃபர்களை மட்டும் எண்ணுங்கள். 20 சுற்றுப் பேரத்தில் எண்ணுவதற்கே சரக்கு இருக்காது, அங்கே இந்த மாடலை நம்ப வேண்டாம்.

அதற்கு முன்னால் இன்னொன்றையும் பாருங்கள். 2024 ஏ.என்.எல்.-இல் எதிராளியின் யுடிலிட்டி கணக்கையே கையில் கொடுத்துவிட்டார்கள், அவருடைய ரிசர்வை மட்டும் மறைத்தார்கள். 2025-இல் ஒரே ஏஜென்ட் பலரிடம் அடுத்தடுத்துப் பேரம் பேசும் ஆட்டமாக மாறியது. போன வருட சீனியரின் நிரலை வாங்கி, கையில் இருப்பதையே ஊகித்துக்கொண்டிருந்த அணிகள் உண்டு.

நிகழ்தகவை வைத்து ஊகிக்கும் பேய்சியன் மாடல் வேண்டும் என்ற இடம் வந்தால் கணிதத் துறைப் பேராசிரியர் ஒருவரைத் தேடிப் போங்கள். இணையத்திலிருந்து ஒட்டிய பேய்சியன் நிரல், பிழை இருந்தாலும் எர்ரர் காட்டாது. தப்பான எண்ணைத் தைரியமாகச் சொல்லும்.

அறிகுறி: நம் லேப்டாப்பில் முதல் இடம், போட்டியில் வால் பக்கம்

யாரோடு மோதவிட்டீர்கள்? கான்சீடரோடும் நம் பழைய பதிப்புகளோடும் மட்டும் என்றால் அந்த முதல் இடத்துக்கு அர்த்தமில்லை. தன்னோடு தானே மோதவிடுங்கள். கறார் ஏஜென்ட் கறார் ஏஜென்ட்டைச் சந்தித்தால் இருவரும் வெறுங்கையோடு போவது அங்கே தெரிந்துவிடும். அப்புறம் பழைய வெற்றியாளர்கள்: 2010-இல் வென்ற நகோயா தொழில்நுட்பக் கழகத்தின் ஏஜென்ட் கே, மேலே சொன்ன ஹார்ட்ஹெடட். நெக்மாஸிலிருந்து ஜீனியஸ் ஏஜென்ட்டுகளை அழைக்க ஒரு பாலம் இருக்கிறது, அதற்கு ஜாவா வேண்டும். போடச் சோம்பல்படுகிறார்கள், போட்டவர்களுக்குப் பலன் உண்டு.

களத்தையும் மாற்றுங்கள். ரிசர்வ் உயரமாக உள்ளது, தாழ்வாக உள்ளது, மிகப் பெரியது என்று வகைக்கு ஒன்று. மூன்று விஷயம் பத்து விஷயமானால் என்ன ஆகும்? பத்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பு என்றால் ஆயிரம் கோடி சாத்தியங்கள். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளும் ஏஜென்ட் அங்கே வாயே திறக்காமல் நேரம் தாண்டித் தோற்கும்.

அறிகுறி: ஒரே நிரல், ஓட்டும்போதெல்லாம் வேறு முடிவு

ரேண்டம் விதையை (தற்செயல் எண்களின் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) நிலையாக வைத்தீர்களா? வைத்தும் மாறுகிறதென்றால் பேரம் கடிகார நேரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் லேப்டாப் பேட்டரியில் ஓடும், விண்டோஸ் மின்சாரம் சேமிக்க வேகத்தைக் குறைக்கும், அதே மூன்று நிமிடத்தில் குறைவான சுற்றுகளே போகும். அன்றைய முடிவையும் மறுநாள் பிளக்கில் செருகி ஓட்டிய முடிவையும் ஒப்பிட்டு "புது வெர்ஷன் நல்லா இருக்கு" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பதிப்புகளை ஒப்பிட வேண்டுமானால் ஒரே உட்காரலில், ஒரே களங்களில், இரு பக்கமும் மாற்றி உட்காரவைத்து, பல தடவை ஓட்டுங்கள். சராசரியோடு சிதறலையும் பாருங்கள்.

இதற்கு லேப்டாப் போதவில்லை என்ற கட்டம் வந்தால்தான் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் கணினி. அதற்கு முன் காசு கொடுக்காதீர்கள். கல்லூரி லேபில் இரவெல்லாம் சும்மா கிடக்கும் கணினிகளை முதலில் கேட்டுப் பாருங்கள்.

அறிகுறி: எஸ்.சி.எம்.எல்.-இல் விலை நன்றாகப் படிகிறது, பணம் கரைகிறது

2019-இல் ஏ.என்.ஏ.சி.-யில் சேர்ந்த சப்ளை செயின் லீக் இது. தொழிற்சாலை ஏஜென்ட் ஒரே நேரத்தில் பலரிடம் பேசும். ஒன்ஷாட் பிரிவில் சரக்கு மதுரை மல்லியைப் போல, அன்றைக்குத் தள்ளாதது அன்றோடு சரி. மிஞ்சினால் கழிவுச் செலவு, குறைந்தால் அபராதம்.

பெரும்பாலான கோளாறு: பத்து யூனிட் வேண்டும் என்று ஐந்து பேரிடமும் பத்து பத்தாகக் கேட்டுவிடுவது. ஐவரும் ஒப்புக்கொண்டால் ஐம்பது வந்து விழும். ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் எவ்வளவு தேவை என்று புதிதாகக் கணக்கிட்டு, அதை ஆட்களுக்குப் பிரித்துக் கேளுங்கள். இப்படிப் பிரித்தால் சிலர் மறுத்து, குறைவு வரும். எத்தனை பேர் ஒப்புக்கொள்கிறார்கள் என்று நடக்கும்போதே எண்ணி, அதற்கேற்பக் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள். விலையை எவ்வளவு அழகாகப் பேசினாலும் அளவு பொருந்தாவிட்டால் மிச்சம் இல்லை. அளவு சரியான பிறகு விலையைத் தொடுங்கள். சிமுலேட்டர் காட்டும் தேவை எண்ணே தப்பாகத் தெரிந்தால் சின்னதாக ஒரு நிரலில் அதை மறுபடி வரவைத்து, போட்டி நடத்துபவர்களுக்கு அனுப்புங்கள். அவர்களால்தான் அதைத் திருத்த முடியும்.

அறிகுறி: இங்கே ஓடுகிறது, அனுப்பியது திரும்பி வருகிறது

ஜிப்பை வேறொரு லேப்டாப்பில், வேறொரு ஃபோல்டரில் பிரித்து ஓட்டுங்கள். சி டிரைவில் உங்கள் பெயரோடு எழுதிய பாதை, தேவைப் பட்டியலில் சேர்க்காத நூலகம், கிளாஸ் பெயரில் ஒரு எழுத்துப் பிழை, இம்மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஏதாவது கோப்பைப் படிக்கும் ஏஜென்ட் என்றால் அந்தக் கோப்பின் இடத்தை ஏஜென்ட் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கிடுங்கள்.

கடைசி நேரத்தில் "கெடு முடிஞ்சுபோச்சு அண்ணே" என்று ஃபோன் வரும். தேதிக்குப் பக்கத்தில் ஏ.ஓ.இ. (பூமியில் எந்த இடத்திலாவது அந்தத் தேதி முடியாமல் இருக்கும்வரை) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தத் தேதியின் இரவு 11.59 என்பது நமக்கு மறுநாள் மாலை 5.29. அதற்கும் மேல் அவகாசம் வேண்டுமென்றால் நடத்துபவர்களுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். கெடுவுக்கு முன்பே எழுதுங்கள்.